குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டும் கண்ணுக்குத் தெரியாத துளிகளும்

"நாய் கடிச்சா தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி!"

தமிழ்நாட்டில் முப்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் இந்த வாக்கியத்தைச் சொல்வார்கள். சின்ன வயதில் தெருநாயிடம் வாலாட்டப் போன பிள்ளைகளைப் பயமுறுத்த இதைவிடச் சிறந்த ஆயுதம் பெற்றோரிடம் இருந்ததில்லை. அந்த ஊசி மருந்து எங்கே தயாரானது தெரியுமா? நம் நீலகிரி மலையில்தான். இத்தலார் மாதிரி ஒரு ஹட்டியிலிருந்து கிளம்பி, ஊட்டிக்கு வந்து, அங்கிருந்து குன்னூர் இறங்கினால் சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே பழைய வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம் ஒன்று தெரியும். அதுதான் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்.

ஊசி போட்டுக்கொண்டவர்களின் கதை எல்லா ஊரிலும் உண்டு. அந்த மருந்தை அரைத்து, கலக்கி, வடிகட்டி, குப்பியில் அடைத்தவர்களின் கதையை யாரும் சொல்வதில்லை. அவர்கள் கையாண்டது உயிருள்ள ரேபிஸ் கிருமி. இப்படிப்பட்ட ஆய்வகங்களில் கிருமியைவிட அதிகம் ஏமாற்றியது கருவிகள்தான் என்பது உலகத்துக்கே தாமதமாகத்தான் புரிந்தது.

முதலில் குன்னூர் கதை. 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடி நோயால் இறந்தார். அப்போது தென்னிந்தியாவில் அதற்குச் சிகிச்சையே கிடையாது. 1900-ல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் ஒன்று இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் இருந்தது. அதற்கும் முன்னால் வசதி உள்ளவர்கள் பாரிசுக்கே கப்பல் ஏற வேண்டியிருந்தது! ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்க இரும்புத் தொழிலதிபர் (ஆண்ட்ரூ கார்னெகியின் பங்குதாரர்) வைஸ்ராய் கர்சன் பிரபுவிடம் ஒரு பெருந்தொகையை நன்கொடையாகக் கொடுத்திருந்தார். அதில் ஒரு பகுதி பீகாரில் பூசா வேளாண்மை ஆராய்ச்சிக்கும், ஒரு பகுதி குன்னூருக்கும் வந்தது. 1907 ஏப்ரலில் 'தென்னிந்திய பாஸ்டர் இன்ஸ்டிடியூட்' தொடங்கியது. முதல் இயக்குநர் மேஜர் கார்ன்வால். பிட்ஸ்பர்க்கில் இரும்பு உருக்கிய பணம் நீலகிரியில் நாய்க்கடி மருந்தானது வேடிக்கைதான்.

லூயி பாஸ்டர் 1885-ல் முயலின் தண்டுவடத்தைக் காயவைத்து மருந்து செய்தார். 1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் அதை எளிமையாக்கினார். கிருமி ஏற்றிய விலங்கின் மூளையை எடுத்து, அரைத்து, கார்பாலிக் அமிலத்தில் ஊறவைத்துக் கிருமியைக் கொல்லும் முறை அது. இந்தியாவில் இதற்குச் செம்மறி ஆடுதான் வசதிப்பட்டது. பல பத்தாண்டுகள் நம் நாட்டில் கடிபட்டவர்களுக்குப் போட்டது இந்த ஆட்டு மூளை மருந்தைத்தான்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கார்பாலிக் அமிலம் போட்டவுடன் கிருமி செத்துவிடாது, நேரமாகும். ஆகவே மூளையை அரைக்கும்போது அதில் கிருமி உயிரோடு இருக்கும். மருந்துக்குப் பயன்படுத்துவது 'நிலைப்படுத்திய' கிருமி, அதாவது விலங்குக்கு விலங்கு மாற்றி மாற்றிப் பழக்கப்பட்டது, தெருநாயிடம் இருக்கும் கிருமி அளவுக்கு ஆபத்தில்லை என்று ஒரு நம்பிக்கை இருந்தது. 1960-ல் பிரேசிலின் ஃபோர்ட்டலேசா நகரத்தில் அந்த நம்பிக்கை உடைந்தது. சரியாகக் கொல்லப்படாத கிருமியோடு வெளியே வந்த தடுப்பூசியால் அங்கே 18 பேர் இறந்தார்கள். பழகின பாம்பானாலும் பாம்பு பாம்புதானே.

அந்தக் காலத்து ஆய்வகங்களில் எதற்குப் பயந்தார்கள்? விலங்கு கடித்துவிடும், ஊசி குத்திவிடும், கண்ணாடி உடைந்து கையைக் கிழித்துவிடும். அதனால் கையுறை, பூட்ஸ், ஏப்ரன் எல்லாம் வந்தன. காற்றைப் பற்றிய பயம்தான் இல்லை. ரேபிஸ் கடியால் வரும் நோய், காற்றால் எப்படி வரும் என்பது அன்றைய நியாயம்.

காய்ந்த மிளகாயை மிக்ஸியில் அரைத்துவிட்டு உடனே மூடியைத் திறந்து பாருங்கள். பொடி எதுவும் வெளியே கொட்டியிருக்காது. ஆனால் அடுத்த அறையில் டிவி பார்த்துக்கொண்டிருப்பவர் தும்முவார்! அரைக்கும்போது உள்ளே எழும்பிய நுண்ணிய தூள் மூடியைத் திறந்ததும் காற்றோடு வெளியே வந்துவிடுகிறது. மிளகாயாக இருந்தால் மூக்கு சொல்லிவிடும். கிருமியாக இருந்தால் எதுவும் சொல்லாது. மணமில்லை, நெடியில்லை, கண்ணுக்கும் தெரியாது. இதைத்தான் ஏரோசால் என்கிறார்கள்.

இதன் அறிவியலை 1934-ல் வில்லியம் வெல்ஸ் என்ற அமெரிக்கர் விளக்கினார். பெரிய துளிகள் சீக்கிரம் தரையில் விழுந்துவிடும். மிகச் சிறிய துளிகள் விழுவதற்கு முன்பே காய்ந்து, உள்ளே இருந்த கிருமியை மட்டும் சுமந்துகொண்டு வெகுநேரம் காற்றில் மிதக்கும். ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கை விடச் சிறியவை நுரையீரலின் அடி ஆழம் வரை போய்விடும். தரையைத் துடைக்கிற பினாயில் இவற்றை ஒன்றும் செய்யாது.

அன்றைய லேப் வழக்கங்களை இன்று படித்தால் தலை சுற்றுகிறது. பிப்பெட்டை வாயில் வைத்து உறிஞ்சுவது சர்வசாதாரணம். வேதியியல் லேப்பில் அமிலத்தை உறிஞ்சியவர்கள் உண்டென்றால், கிருமி லேப்பில் டைபாய்டு கரைசலை உறிஞ்சியவர்களும் உண்டு. 1893-லேயே இப்படி ஒருவருக்கு டைபாய்டு வந்ததாகப் பதிவு இருக்கிறது. ஆனாலும் கட்டைவிரலால் அழுத்தும் பிப்பெட் வர 1957 வரை ஆனது. ஜெர்மனியின் மார்பர்க் நகரத்தில் ஹைன்ரிஷ் ஷ்னிட்கர் என்பவர் வாயால் உறிஞ்சுவது பிடிக்காமல் அதைத் தானே செய்துகொண்டார். (அதே மார்பர்க்கில் பத்து வருடம் கழித்து, 1967-ல், தடுப்பூசி வேலைக்காக உகாண்டாவிலிருந்து கொண்டுவந்த குரங்குகளிடமிருந்து ஒரு புதுக் கிருமி பரவியது. மார்பர்க், ஃபிராங்க்ஃபர்ட், பெல்கிரேட் மூன்று ஊர்களிலும் சேர்த்து 31 பேருக்கு நோய், 7 பேர் மரணம். கிருமிக்கும் மார்பர்க் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.)

சரி, ஆய்வகங்களில் எத்தனை பேருக்கு நோய் வந்தது என்று யாராவது கணக்கெடுத்தார்களா? எடுத்தார்கள். 1951-ல் அமெரிக்காவில் சல்கின், பைக் என்ற இருவர் சுமார் 5000 ஆய்வகங்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார்கள். 1342 பேருக்கு வேலை செய்த இடத்திலேயே நோய் தொற்றியது தெரியவந்தது. அதில் மூன்றில் ஒரு பங்குதான் அதற்கு முன் எந்தப் பத்திரிகையிலாவது எழுதப்பட்டிருந்தது. மற்றவர்கள் சத்தமில்லாமல் நோயில் விழுந்தவர்கள். 1976-ல் பைக் மறுபடி தொகுத்தபோது எண்ணிக்கை 3921 ஆகியிருந்தது.

எண்ணிக்கையைவிட அதிர்ச்சியானது வேறொன்று. 1951 கணக்கில் வெறும் 16 சதவீதத்துக்குத்தான் 'இன்ன நாளில் இன்ன விபத்து நடந்தது' என்று காட்ட முடிந்தது. குப்பி உடைந்தது, ஊசி குத்தியது, இப்படி. மீதி 84 சதவீதம் பேருக்கு எந்த விபத்தும் நடக்கவில்லை! வழக்கம்போல வந்தார்கள், வேலை செய்தார்கள், வீட்டுக்குப் போனார்கள், நோயில் விழுந்தார்கள். கணக்குப்பதிவியல் பாஷையில் சொன்னால் வவுச்சரே இல்லாத செலவு. எந்த ஆடிட்டரும் இப்படி ஒரு பேரேட்டைப் பார்த்தால் "பணம் எங்கேயோ ஒழுகுகிறது" என்றுதான் சொல்வார். ஆய்வகத்தில் ஒழுகியது காற்று வழியாக.

அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவர்கள் யார் என்பதுதான் கசப்பான பகுதி. இரண்டாம் உலகப் போரின்போது, 1943-ல், அமெரிக்கா கேம்ப் டெட்ரிக் என்ற இடத்தில் கிருமி ஆயுதம் செய்யத் தொடங்கியது. எதிரியைக் கொல்ல வளர்த்த கிருமி தன் ஆட்களையே படுக்கவைத்துவிடக் கூடாதே! அதனால் அங்கே பாதுகாப்புப் பிரிவை நடத்திய அர்னால்ட் வெடமும் அவருடைய குழுவினரும் ஒவ்வொரு கருவியாக எடுத்து, ஆபத்தில்லாத கிருமியை அதில் போட்டு, சுற்றியுள்ள காற்றைச் சோதித்தார்கள். 1946-ல் ஜோஹான்சன், ஃபெரிஸ் என்ற இருவர் அதிவேக கேமராவில் எடுத்த படங்களும் வெளிவந்தன. பிப்பெட்டின் கடைசிச் சொட்டை ஊதித் தள்ளும்போது தெறிக்கும் துளிகள் அதில் கண்ணுக்கே தெரிந்தன. கிருமி எடுக்கும் கம்பி வளையத்தைச் சுடரில் காட்டினால் சடசடவென்று தெறிக்கிறது. ரப்பர் மூடியிலிருந்து சிரிஞ்ச் ஊசியை உருவும்போது அதன் முனை அதிர்ந்து தூவுகிறது. மிக்ஸி, சென்ட்ரிஃப்யூஜ் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதில் எதுவுமே பழுதான கருவி இல்லை என்பதுதான் விஷயம். எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கருவிகள்.

ரேபிஸுக்குத் திரும்புவோம். டெக்சாஸில் ஃப்ரியோ என்ற குகையில் கோடிக்கணக்கான வௌவால்கள் உண்டு. 1950களில் அந்தக் குகைக்குள் போய்வந்த இருவர் ரேபிஸால் இறந்தார்கள். பிறகு டென்னி கான்ஸ்டன்டைன் என்பவர் வௌவால் கடிக்க முடியாத கூண்டுகளில் விலங்குகளை அடைத்து அதே குகையில் வைத்துப் பார்த்தார். அவற்றுக்கும் நோய் வந்தது. காற்றுதான் வழி என்று அப்போதே சந்தேகம் எழுந்தது. ஆனால் அது குகை, லேப் இல்லையே என்று பலர் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

1972-ல் அதே டெக்சாஸில் 56 வயதான ஒரு கால்நடை மருத்துவர் ரேபிஸ் வந்த ஆட்டின் மூளையை பிளெண்டரில், அதாவது நம் மிக்ஸி மாதிரியான கருவியில், அரைத்துக்கொண்டிருந்தார். தடுப்பூசி வேலைக்காகத்தான். எந்த நாயும் கடிக்கவில்லை. அவர் ரேபிஸ் வந்து இறந்தார். 1977-ல் நியூயார்க்கில் 32 வயதான ஓர் ஆய்வகப் பணியாளர் காட்டு விலங்குகளுக்கான சொட்டு மருந்து ஆராய்ச்சியில் ரேபிஸ் கிருமியைத் தெளிக்கும் இயந்திரத்தோடு வேலை செய்தார். அவர் முன்கூட்டியே தடுப்பூசி போட்டவர், ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி இருந்ததும் பரிசோதனையில் தெரிந்திருந்தது. அப்படியும் நோய் வந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஆட்டு மூளை, அரைக்கும் கருவி, ரேபிஸ் தடுப்பூசி. டெக்சாஸ் மருத்துவர் செய்த வேலைக்கும் குன்னூர், கசௌலி போன்ற இடங்களில் தலைமுறை தலைமுறையாகத் தினமும் நடந்த வேலைக்கும் தூரம் அதிகமில்லை. லட்சக்கணக்கானவர்களைக் காப்பாற்றிய ஊசிக்குப் பின்னால் இப்படி ஒரு மேஜை இருந்தது, அதன் முன்னால் மாதச் சம்பளத்துக்கு ஆட்கள் நின்றார்கள்.

குன்னூரில் ரேபிஸ் மட்டும் இல்லை. இந்தியாவின் இன்ஃபுளுயன்சா மையமும் அங்கேதான் இயங்கியது. 1957-ல் 'ஆசியக் காய்ச்சல்' உலகைச் சுற்றியபோது, மே மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பல் வழியாக அது சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது. அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தது குன்னூர் மையம். அங்கிருந்த ஐ.ஜி.கே. மேனன் பின்னர் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் இதைப் பற்றி எழுதினார். 1958 பிப்ரவரி வரை இந்தியாவில் பதிவானது 44 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள், 1098 மரணங்கள். ஃப்ளூ கிருமியை வளர்க்கும் முறை விசித்திரமானது. நோயாளியின் தொண்டை கழுவிய நீரைக் கருவுள்ள கோழி முட்டைக்குள் ஊசியால் ஏற்றுவார்கள். சில நாள் கழித்து முட்டையின் மேல் ஓட்டை வெட்டி உள்ளே இருக்கும் திரவத்தை உறிஞ்சி எடுப்பார்கள். ஊசி, பிப்பெட், சென்ட்ரிஃப்யூஜ். டெட்ரிக்கில் படம் பிடித்த அதே கருவிகள், இந்தமுறை காற்றில் பரவுவதற்கென்றே பிறந்த கிருமியோடு!

அதே 1957-ல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. உண்ணி வழியாக மனிதருக்கும் பரவிய இந்தக் 'குரங்குக் காய்ச்சல்' கிருமியை அடையாளம் கண்டது புனே வைரஸ் ஆராய்ச்சி மையம். காட்டில் உண்ணி கடித்தால்தான் வரும் நோய், புனேயில் உண்ணியே கடிக்காத ஆய்வகப் பணியாளர்கள் பலருக்கும் வந்தது. (2012-13 வாக்கில் நம் முதுமலைப் பக்கம் இறந்த குரங்குகளிலும் இந்தக் கிருமி இருந்தது தெரியவந்தது. ஆக நீலகிரிக்கு இது தூரத்துக் கதை இல்லை.) இந்தியாவின் முதல் உச்சநிலைப் பாதுகாப்பு ஆய்வகம் அதே புனேயில்தான் பிற்பாடு அமைந்தது.

இந்தப் பிரச்சினைக்குத் தீர்வாக வந்தது பயோசேஃப்டி கேபினெட். அணுகுண்டு ஆராய்ச்சிக் காலத்தில் கதிரியக்கத் தூசியைப் பிடிக்கச் செய்த ஹெப்பா ஃபில்டர் இதன் இதயம். முன்பக்கத் திறப்பு வழியாக அறைக் காற்று உள்ளே இழுக்கப்படும், வேலை செய்பவரின் முகத்தை நோக்கி எதுவும் வராது. உள்ளே இருக்கும் காற்று ஃபில்டர் வழியாகச் சுத்தமாகி வெளியே போகும்.

இதில் ஒரு குழப்பம் இன்றைக்கும் பல லேப்களில் உண்டு. பார்க்க அதே மாதிரி இருக்கும் 'லாமினார் ஃப்ளோ' மேஜை என்று ஒன்று இருக்கிறது. அது சுத்தமான காற்றைப் பொருளின் மேல் வீசும், அங்கிருந்து அது நேராக வேலை செய்பவரின் முகத்துக்கு வரும்! திசு வளர்ப்புக்கு அது அருமை. கிருமியை அங்கே வைத்துத் திறந்தால் மின்விசிறிக்கு எதிரே நின்று மிளகாய்ப்பொடி தூற்றுவது போலத்தான். இரண்டுமே எஃகுப் பெட்டி, கண்ணாடிக் கதவு, உள்ளே விளக்கு. வாங்கும்போது விலை குறைந்ததைத் தேர்ந்தெடுக்கும் ஆபீஸ் கிளார்க்குக்கு வித்தியாசம் எங்கே தெரியும்?

சரியான கேபினெட்டே இருந்தாலும் அதன் காற்றுத் திரை மெல்லியது. கையை வேகமாக உள்ளே வெளியே ஆட்டினால் திரை கிழியும். முன்பக்கத் துளைகள் மேல் நோட்டுப் புத்தகத்தை வைத்தால் காற்று போகும் வழி அடைபடும். உள்ளே பர்னர் கொளுத்தினால் சூடான காற்று ஓட்டத்தைக் குலைக்கும். பக்கத்தில் கதவைப் படாரென்று சாத்தினாலே கூட பாதிப்பு உண்டு.

சென்ட்ரிஃப்யூஜ் இன்னும் நுட்பமானது. 1956-ல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கியதிலிருந்து நம் மாநிலத்தில் சளி மாதிரிகளைச் சுழற்றாத நாள் இருந்திருக்காது. சளியில் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து, குலுக்கி, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று வேகத்தில் சுழற்றி, அடியில் படிந்ததை எடுப்பார்கள். காசநோய்க் கிருமியோ காற்றில் போவதற்கே பெயர் பெற்றது. குழாயில் ஒரு கீறல் போதும், மொத்த அறைக்கும் தூவிவிடும். அதனால் குழாய்களை மூடி போட்ட பக்கெட்டுக்குள் வைத்துச் சுழற்ற வேண்டும். அந்தப் பக்கெட்டை நிரப்புவதும் திறப்பதும் கேபினெட்டுக்குள்தான். குழாய் உடைந்த சத்தம் கேட்டால் சுவிட்சை அணைத்துவிட்டு, மூடியைத் திறக்காமல் அரை மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு. நின்ற பிறகு திறந்து பார்த்து உடைசல் தெரிந்தாலும் உடனே மூடிவிட்டு அதே அரை மணி. மனித சுபாவம் என்னவோ, சத்தம் கேட்டால் உடனே திறந்து எட்டிப் பார்ப்பதுதான்!

கருவியின் பக்கமே போகாதவர்களுக்கும் இது பொருந்தும். 1978-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் மருத்துவக் கல்லூரியில் ஜேனட் பார்க்கர் என்ற புகைப்படக்காரர் பெரியம்மையால் இறந்தார். அவருடைய அறைக்குக் கீழ்த்தளத்தில் பெரியம்மை ஆய்வகம் இருந்தது. காற்றுக் குழாய் வழியாகக் கிருமி மேலே வந்ததா, வேறு வழியா என்று இன்று வரை சர்ச்சை. ஆய்வகத் தலைவர் பெட்சன் தற்கொலை செய்துகொண்டார். உலகத்தில் பெரியம்மையால் இறந்த கடைசி மனிதர் காட்டிலோ குப்பத்திலோ இல்லை, ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தில் வேலை பார்த்தவர்.

உலக சுகாதார நிறுவனம் தன் ஆய்வகப் பாதுகாப்புக் கையேட்டை முதலில் வெளியிட்டது 1983-ல். அதாவது பைக் 3921 பேரைப் பட்டியல் போட்டு ஏழு வருடம் கழித்து.

இந்தியாவில் ஆட்டு மூளைத் தடுப்பூசி தயாரிப்பு 2004 டிசம்பரில் நின்றது. அதற்கு முக்கியக் காரணம் போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு வந்த நரம்புப் பாதிப்பு. வேலை செய்பவர்களின் மூச்சுக்காற்று அந்தக் கணக்கில் பெரிதாக வந்ததாகத் தெரியவில்லை, ஆனாலும் அவர்களுக்கும் அது விடுதலைதான். புது முறையில் கிருமி வளர்வது மூடிய பாத்திரத்தில், வளர்ப்புச் செல்களில். மூளையும் இல்லை, அரைப்பதும் இல்லை. 2008-ல் உற்பத்தி விதிமுறைகளைப் பின்பற்றவில்லை என்று குன்னூர், கசௌலி, கிண்டி மூன்று அரசு நிறுவனங்களின் உரிமத்தையும் மத்திய அரசு நிறுத்திவைத்தது, 2010-ல் தடை விலகியது. அந்த அரசியல் தனிக் கட்டுரைக்கு உரியது.

காசநோய்ப் பரிசோதனையும் மாறிவிட்டது. 2010-ல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட கார்ட்ரிட்ஜ் முறையில் (நம் அரசு மருத்துவமனைகளில் சிபி-நாட் என்பார்கள்) சளியில் முதலில் ஒரு மருந்தை ஊற்றிக் குலுக்கி 15 நிமிடம் வைக்கிறார்கள். அதிலேயே பெரும்பாலான கிருமி செத்துவிடும். பிறகு அதை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் விட்டு மூடி, இயந்திரத்தில் செருகினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் முடிவு. கோவாவில் உருவான 'ட்ரூநாட்' கருவி இன்னும் சிறியது, பேட்டரியில் ஓடும், மலைக் கிராமங்களுக்கு வசதியானது. சென்ட்ரிஃப்யூஜ் இல்லை. முடிவு வந்த பிறகு கார்ட்ரிட்ஜை யாரும் திறப்பதில்லை, மூடியபடியே குப்பைக்குப் போகிறது.